எந்த வண்டி உயிரோடு இருக்கிறது

தங்கச்சியின் மின்சாரக் காரில் குறை சொல்ல எதுவுமில்லை. பிரேக் பிடிக்கும், விளக்கு எரியும், பேட்டரி கல்லு மாதிரி இருக்கிறது. சார்ஜ் மட்டும் ஏறவில்லை. வயரைச் செருகியதும் அதைக் கவ்விப் பிடிக்க உள்ளே ஒரு குட்டிப் பூட்டு உண்டு. என் சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். அது உடைந்துவிட்டது. பூட்டாத வயரிலிருந்து கரண்ட் எடுக்கமாட்டேன் என்று வண்டி அடம் பிடித்தது. திரையில் நாற்பத்தோரு சதவீதம் மிச்சம் இருந்தது.

அவளுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கதவோரப் பொத்தானை அழுத்தினால் ஒரு சாய்வுப் பலகை இறங்கும். சக்கர நாற்காலியோடு அதில் ஏறி, பிரேக்கையும் வேகத்தையும் கையாலேயே இயக்கி, ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலைக்குத் தனியாகப் போய் வருவாள். பதினோரு வருஷமாக அப்படித்தான். புது மாடல்களில் தரை உயரமாகிவிட்டது, அந்தப் பலகை அவற்றுக்குப் பொருந்தாதாம். இந்த வண்டி படுத்தால் அவள் வீட்டோடுதான்.

கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"அந்த மாடலுக்கு பார்ட்ஸ் நிறுத்தியாச்சுங்க" என்று ஒரு குரல் சொல்லி, வேறொரு நம்பர் கொடுத்தது.

"பார்ட்ஸ் இருக்குங்க, ஆனா தனியா குடுக்கறதில்ல" என்றது இரண்டாவது குரல்.

மூன்றாவது குரல் முதல் குரலையே கூப்பிடச் சொன்னது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. போனை வைத்துவிட்டு, ஒரு பாவமும் அறியாத தங்கச்சியிடம் எரிந்து விழுந்தேன்.

கடைசியில் எங்கள் மெக்கானிக்கிடம் போனேன். எதைக் கேட்டாலும் "பாப்போம்" என்பதால் அவருக்குப் பெயரே பாப்போம். பழைய வண்டிகளை உடைக்கும் இடத்தில் அதே மாடல், அதே வருஷத்து வண்டி ஒன்று மூக்கு நசுங்கிக் கிடப்பதைக் கண்டுபிடித்தார். முழு வண்டியாகத்தான் தருவார்களாம், வாங்கினேன். பிரிக்கப்போகும் வண்டியின் எண்ணைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், அது நேரே கம்பெனிக்குப் போகும். எனக்குச் சரக்குக் கிடங்கில் எண் சரிபார்க்கும் வேலை. பதினேழு எழுத்தையும் குனிந்துகூடப் பார்க்காமல் மளமளவென்று எழுதிக் கொடுத்தேன். பாப்போம் வாயைப் பிளந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பூட்டைக் கழற்றி மாட்டினோம். 'அறிமுகமில்லாத பாகம்' என்றது திரை.

"கம்பெனிக்காரன் அவன் கம்ப்யூட்டர்லேருந்து அறிமுகப்படுத்தி வைக்கணும் சார்" என்றார் பாப்போம்.

"இதென்ன, பொண்ணு பாக்கற வேலையா?"

மறுபடி போன். தங்கச்சி வண்டியின் எண்ணைச் சொன்னேன். அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்கள்.

"இந்த வண்டியைப் போன வாரமே பிரிச்சுட்டதா பதிவாகியிருக்குங்களே."

"என் கண்ணு முன்னாடி நிக்குதுங்க."

"எங்க பதிவுல இல்லீங்க. பிரிச்சதுக்கு நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். மனப்பாடமாக நான் எழுதியது தங்கச்சி வண்டியின் எண். நசுங்கிக் கிடந்த வண்டி கம்பெனி பதிவில் நல்லா இருக்கிறது. நல்லா இருக்கிற வண்டி செத்துவிட்டது. திருத்த நாலு மாசமாவது ஆகும் என்றார்கள். திரை ஒன்பது சதவீதம் காட்டியது. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

பாப்போம் தாடையைச் சொறிந்தார். "அந்த வண்டியோட பூட்டும் அதோட கம்ப்யூட்டர் பெட்டியும் ஜோடி. அந்த நம்பர் அவங்ககிட்ட உயிரோடதானே இருக்கு? ரெண்டையும் சேத்து இதுல மாட்டிட்டா?"

"அப்ப இது எந்த வண்டி?"

"பாப்போம்" என்றார்.

மாட்டினார். முகம் தெரியாத யாரோ ஒருத்தியின் பெயரைச் சொல்லித் திரை எங்களை வரவேற்றது. வயரைச் செருகினோம். டக் என்று பூட்டு விழுந்தது. பத்து, பதினொன்று என்று ஏற ஆரம்பித்தது. நான் பாப்போமைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர் சட்டைக் கிரீஸ் முழுக்க என் சட்டையில்.

மறுநாள் காலை தங்கச்சி மடியில் பையோடு வந்து கதவோரப் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். உள்ளே எட்டிப் பார்த்தேன். 'இந்த வண்டியில் சாய்வுப் பலகை கிடையாது' என்று திரையில் எழுதியிருந்தது. நசுங்கிய வண்டியில் பலகை இருந்ததே இல்லை. பழைய பெட்டியைத் திரும்ப மாட்டினால் பலகை இறங்கும், சார்ஜ் ஏறாது.

"இரு இரு, நான் இருக்கேன்ல" என்று கதவுக்குள் இருந்த அவசரப் பிடியை இழுத்துப் பலகையைக் கையாலேயே இறக்கினேன். அவள் ஏறினாள். ஸ்டியரிங்கில் கையை வைத்தவள் வண்டியைக் கிளப்பவில்லை.

"அண்ணா, இங்க நீ இறக்கி விட்டுட்டே. அங்க போய் யாரு இறக்குவா?"

பலகையைத் தூக்கி மடித்துக் கதவைச் சாத்தினேன். சுற்றி வந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்காமலே வண்டியை எடுத்தாள். பதினோரு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் துணையோடு வேலைக்குப் போனாள்.