வலப்பக்கமாய் ஒரு வருஷம்

கோலியனூரில் நாங்கள் ஓடுகிற மைதானத்தின் நடுவில் ஒரு அம்மன் கோயில் இருக்கிறது. அதனால் யார் ஓடினாலும் வலமாகத்தான் சுற்ற வேண்டும். என் பேர் ஆரோக்கியசெல்வி. ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பூசைக்குப் போகிறவள். இருந்தும் ஒரு வருஷமாகத் தினம் இருபது சுற்று அந்த அம்மனைச் சுற்றினேன். நேர்ந்துகொண்ட பெண்கள்கூட இத்தனை சுற்றியிருக்க மாட்டார்கள்.

எல்லாம் போலீஸ் வேலைக்காக. இந்தத் தடவைதான் எழுத்துத் தேர்விலேயே தேறினேன். வயசு வரம்புப்படி இதுதான் கடைசி. நானூறு மீட்டரை இரண்டரை நிமிஷத்துக்குள் ஓட வேண்டும். ஊரில் இரண்டு நிமிஷம் பத்து செகண்டில் முடிப்பேன். இதில் என்ன இருக்கிறது என்று தெனாவட்டாக இருந்தேன்.

ஓட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது வலது முட்டி பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்தேன், துணி கட்டினேன், ஓடினேன். படி இறங்க முடியாமல் போன பிறகுதான் திண்டிவனத்தில் பிசியோதெரபி பார்க்கிற இளவரசியிடம் போனேன். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஒவ்வொரு காலாகத் தூக்கச் சொன்னார். இடது கால் நின்றது. வலது கால் நடுங்கிக்கொண்டே இறங்கிவிட்டது.

"எந்தப் பக்கமா திரும்பி ஓடுவீங்க?"

"வலப்பக்கம்தாங்க. நடுவுல கோயில் இருக்குது, இடமா சுத்தக்கூடாது."

அவர் சிரிக்கவில்லை. "வருஷம் பூரா ஒரே பக்கமா வளைஞ்சிக்கினு இருந்தா இடுப்பு அசந்துபோவும். பாரம் எல்லாம் முட்டி மேல ஏறும். இடுப்புக்கு, தொடைக்கு எக்சர்சைஸ் எதுவும் பண்றதில்லையா?"

"ஓடுறதுக்கு ஓடினா போதாதுங்களா?"

"போதாது. ஆறு வாரமாச்சும் பண்ணணும். அங்க போலீஸ் செலக்சன் கிரவுண்டுல இடப்பக்கமாதான் ஓடணும், தெரியுமில்ல?"

சத்தியமாகத் தெரியாது. டிவியில் எத்தனை பந்தயம் பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை.

மிச்சமிருந்த நாளெல்லாம் ஓடாமல், வீட்டில் படுத்துக் காலைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். "ஓடுறத வுட்டுட்டு படுத்துக்கினு என்னாடி பண்ற?" என்றாள் அம்மா. விளக்கிச் சொல்ல அலுப்பாக இருந்தது.

விழுப்புரம் மைதானத்தில் முதல் வளைவுவரை நன்றாகத்தான் போனேன். இடப்பக்கம் திரும்பியதும் உடம்பு யாருடையதோ போல ஆகிவிட்டது. அடுத்த வளைவில் முட்டி மடங்கவே இல்லை. நொண்டிக்கொண்டுதான் கோட்டைத் தாண்டினேன்.

"ரெண்டு முப்பத்தெட்டு," என்றார் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்த அதிகாரி அம்மா. ஒரு செகண்டில் தவறியிருந்தால் அழுதிருப்பேன். எட்டு செகண்டுக்கு அழுகைகூட வரவில்லை.

"அடுத்த தபா நல்லா பிராக்டிஸ் பண்ணிட்டு வாம்மா."

"வயசு முடியுதுங்க மேடம்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். கோட்டைவிட்டு நகரச் சொன்னார்கள். நான் சோம்பேறி இல்லை, ஒரு நாள்கூட லீவு போடவில்லை என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பின்னால் ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். நகர்ந்தேன்.