காற்றை அடைக்கும் பலகை

பழைய டூ ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினைப் பிரித்துப் பூட்டினால், முதல் ஸ்டார்ட்டில் அது தறிகெட்டு ஓடக்கூடும். டீசலை நிறுத்தினாலும் அடங்காது; காற்று உள்ளே போகும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். எங்கள் பட்டறையில் அது அண்ணன் வேலை. சங்கிலிப் பட்டையில் ஊரும் இந்த டிராக்டரின் எஞ்சினைப் பாதியில் என் தலையில் கட்டிவிட்டு, நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார் மனுஷன். மீதியை நானே பூட்டினேன்.

இன்று சாவியில் கைவைத்ததும், பழக்கதோஷத்தில் "ரெடியாண்ணே?" என்று கேட்டுவிட்டேன். அந்த வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

உள்ளேயிருந்து அண்ணி வந்தார். சுவரோரம் கிடந்த பலகையை எடுத்துக்கொண்டு, அண்ணன் நிற்கும் இடத்தில் நின்றார்.

"போடுங்க தம்பி."

எஞ்சின் ஒழுங்காகத்தான் ஓடியது. நான் அதை அணைத்த பிறகும் அண்ணி பலகையைக் கீழே வைக்கவில்லை.