காலரா பிரிவின் கடைசி விண்ணப்பதாரர்

இதனால் சகல ஜனங்களுக்கும், அவர்தம் குடல்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: மானுட வரலாற்றையே புரட்டிப்போட்ட காலராவுக்கென இயங்கிவந்த பிரிவு, கிருமி எவரும் முன்வராத காரணத்தால், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு விழா எடுத்து மூடப்படும். உயிரோடிருக்கும் கிருமிகள் அதற்குள் நேரில் வந்து சான்று பெற்றுக்கொள்ளலாம்.

நோட்டீஸை ஒட்டியவள் பூங்காவனம். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தேழு வருடமாக அந்தப் பிரிவில் இருக்கிறாள். கூட வேலை பார்த்த எஸ்தர் மூன்று வருடத்துக்கு முன்பு இன்குபேட்டராக, கிருமித் தட்டுகளை வைத்து வளர்க்கும் சூட்டுப்பெட்டியாக, ஆகிவிட்டாள். சீராக முப்பத்தேழு டிகிரி. மத்தியானம் எல்லோரும் டிபன் பாக்ஸை அவள் மேல்தான் வைப்பார்கள். பிரிவை மூடினால் அவளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். பூங்காவனத்துக்குக் கவலை அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை ஒருவர் வந்தார். லேசாக வளைந்த உடம்பு. ஒற்றை வாலைச் சுருட்டிக் குடை மாதிரி அக்குளில் இடுக்கியிருந்தார். கடுகைவிடச் சிறிய தண்ணீர் ஓட்டுப்பூச்சி ஒன்றின் முதுகில் ஒட்டிக்கொண்டே அவ்வளவு தூரமும் வந்திருந்தார்.

“கழிமுகத்துலேருந்து வரேம்மா. உயிரோட இருக்கேன்னு ஒரு சான்று வேணும்.”

“தட்டுல வளரணும் பெரியவரே. மறுநாள் மஞ்சளா புள்ளி விழுந்திருந்தா நீங்க இருக்கீங்க. விழலேன்னா இல்ல.”

“உயிர் இருக்கு. வளரத்தான் வரமாட்டேங்குது. குளிரு, பசி. சுருண்டு படுத்தவன், அப்படியே கெடக்கேன்.”

“மாடியில இருக்கற நம்ம டாக்டருந்தான் வளர்ந்து ரொம்ப நாளாச்சு. அவருக்குச் சான்று இல்லியா?” என்றாள் எஸ்தர். “கதவைச் சாத்துடி, சூடு போவுது.”

பெரியவர் பூங்காவனத்தை உற்றுப் பார்த்தார். “உன்னை எனக்குத் தெரியும். மாசித் திருவிழா. குழாயடி வரிசை. பச்சைப் பாவாடை.”

அவளுக்கு அப்போது ஏழு வயது. மைக் கட்டிய ஜீப் தெருத்தெருவாக அலறியது. ஊசி போட்ட கையைக் காட்டினால்தான் கோயில் வாசலுக்கு விட்டார்கள். ஊரே பிளீச்சிங் பவுடராக மணத்தது. அப்படியும் அவளுக்குக் காலரா கண்டது. டென்ட்டில் பெரிய மூக்குத்தி போட்ட நர்சம்மா உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கரண்டி கரண்டியாக ஊற்றினாள். அதற்குப் பிறகு எந்தத் தண்ணீரும் பூங்காவனத்துக்கு அவ்வளவு ருசித்ததில்லை.

“அப்ப நமக்குன்னு ஒரு ஜீப் இருந்துச்சு” என்றார் பெரியவர்.

“ஆமா. மைக்கோட.”

இருவரும் கொஞ்ச நேரம் ஜீப்பை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“உடம்புத் தண்ணி மொத்தத்தையும் கறந்துட்டீங்களே” என்றாள்.

“நான் எங்க கறந்தேன்? கதவைத் தட்டினேன், உன் குடல்தான் திறந்து ஊத்துச்சு. அந்த விஷமே என்னுது இல்லம்மா. எங்க வீட்டுக்கு ஒரு வைரஸ் குடி வந்துச்சு, அது கொண்டுவந்த சீரு. நாங்களும் போதுமான கூட்டம் சேந்ததும் வேலையை நிறுத்திட்டுக் கெளம்பிடுவோம்.”

“இங்கயும் அதான் வழக்கம்.”

“என்னை எழுப்பறதுக்கு ஒரு மனுஷ வயிறு போதும். புளிப்பில்லாததா இருந்தா நல்லது.”

அப்படிப்பட்ட வயிறு மாடியில் இருந்தது. கூடத்தின் தலைவர் டாக்டர் சக்கரபாணி தினமும் மூன்று போண்டாவும், வயிற்றுப் புளிப்பை அடக்க இரண்டு மாத்திரையும் சாப்பிடுவார். அவர் அறைக் கதவில் பதினொரு பட்டங்கள். ஒவ்வொரு பட்டத்துக்கும் வெளியே நடைவழி பத்தடி நீளும். மூடுவிழாவில் ஊர்த் தண்ணீரை மேடையில் ஒரு டம்ளர் குடித்துக்காட்டிவிட்டு, பிரிவை மூடும் உத்தரவில் அவர் கையெழுத்திடுவதாக ஏற்பாடு.

அழுக்கு மாதிரிகள் ஏற்கப்படமாட்டா என்பதும் அவர் போட்ட விதிதான். அதனால் பூங்காவனம் எந்தத் தண்ணீரையும் பழைய நூல்புடவையை நாலாக மடித்து வடிகட்டிய பிறகே சோதிப்பாள். பூச்சி புடவையில் தங்கிவிடும். பூச்சியோடு ஒட்டியவரும் தங்கிவிடுவார். இருபத்தேழு வருடமாக ஊர்த் தண்ணீர் சுத்தம்.

“நாளைக்கு ஒருநாள் அந்தப் புடவையை மறந்துடேன். எனக்குச் சான்று. எஸ்தருக்கு வேலை” என்றார் பெரியவர்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி. கூஜாவில் பெரியவர் பூச்சியோடு காத்திருந்தார். மேடை ஓரத்தில், இரும்புக்கடைச் சீட்டு ஒட்டப்பட்டு, எஸ்தர் முனகிக்கொண்டிருந்தாள். பூங்காவனம் வெறும் டம்ளரைப் பார்த்தாள். எஸ்தரைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து புடவைத் துண்டை எடுத்து, நாலாக மடித்து, டம்ளர் வாயில் கட்டி ஊற்றினாள்.

“எஸ்தரை விட்டுட்டியே” என்றார் பெரியவர் மடிப்புக்குள்ளிருந்து.

“டென்ட்டுல என் பக்கத்துப் பாயில படுத்திருந்த பிள்ளை எழுந்திருக்கவே இல்ல பெரியவரே.”

“அதுவும் ஞாபகம் இருக்கு” என்றார்.

டாக்டர் சக்கரபாணி டம்ளரை உயர்த்தினார். “இப்புவியின் கடைசிக் கிருமியையும் என் காலடியில்...” என்று தொடங்கிக் குடித்து முடித்தார். பேனாவைத் திறந்தார். முகம் மாறியது. ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

கழிப்பறை நடைவழியின் மறுகோடியில் இருந்தது. பதினொரு பட்டங்கள், நூற்றுப்பத்து அடி. அவர் ஏழாவது பட்டம்வரைதான் போனார்.

உத்தரவில் கையெழுத்து விழவில்லை. பிரிவு அப்படியே இருக்கிறது. மறுநாள் பெரியவரைக் கழிமுகத்தில் அலசிவிட்டு வந்து, பூங்காவனம் எஸ்தருக்குள்ளிருந்து டாக்டரின் பேதி மாதிரி போட்டிருந்த தட்டை எடுத்துப் பார்த்தாள். ஒரு மஞ்சள் புள்ளிகூட இல்லை.

காரணம் போண்டா.