எழுதியவள் கெசையா டாலிவர்

கீழைக் கடலினின்று எழுந்த இளங்கதிர் பாஸ்டன் துறைமுகத்துப் பாய்மரக் காட்டினூடே பொற்கோல் நீட்ட, மீன்கூடை சுமந்தோரும் கயிறு திரிப்போரும் எழுப்பிய ஆரவாரம் செங்கற்சுவர்களில் மோதித் திரும்ப, குளிர்காற்று சிவந்த இலைகளைத் தெருவெங்கும் வாரியிறைத்த அக்காலையில், ‘விடிவெள்ளி’ என்னும் திங்களிதழின் அச்சகத்துள் ஒருத்தி தலைநிமிர்ந்து நுழைந்தாள்.

அறிவுசான்றீர், அவள் கெசையா டாலிவர். தென்னகத்துக் கரோலினாவின் நெல்வயல்களில் அடிமையாய்ப் பிறந்து, பெற்றவளைக் கண்ணெதிரே ஏலத்தில் இழந்து, சதுப்பும் வேட்டைநாய்களும் கடந்து வடபுலம் சேர்ந்து, சட்டை தைத்துப் பிழைத்தபடியே எழுத்தறிந்து, அவ்வேலத்தையே கதையாக வடித்தவள். படித்துக் கண்கலங்கிய இதழாசிரியை டாமரிஸ் லோரிமர் அதனை முதற்பக்கத்தில் அச்சுக் கோக்கச் செய்திருந்தாள். இதழின் உரிமையாளர் எல்கானா விட்லாக்கோ மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டவர்போல் நெளிந்தார்.

“இங்க பாரும்மா, கதை நல்லாத்தான் இருக்கு. கடைசில அந்த எசமான் மனசு மாறி அழற மாதிரி ரெண்டு வரி சேத்துடேன். தெக்கத்திக்காரங்களும் வாங்குவாங்க.”

“எங்கம்மாவ வித்தவன் அழலீங்க ஐயா. வாத்துக்கறி ஆறிடும்னு வீட்டுக்கு ஓடினான். கதையில மட்டும் அவன் எதுக்கு அழணும்?”

அச்சுக் கோப்போர் வாய்பொத்தி நகைத்தனர். டாமரிஸ் மட்டும் நகையாது அவள் கையைப் பற்றினாள்.

“முடிவு அப்படியே இருக்கட்டும், கெசையா. பேர மட்டும் எடுத்துடலாம். ஓடி வந்தவங்களத் திருப்பிப் பிடிக்கற சட்டம் எசமானுங்க பக்கம். பேரப் பாத்தா ஆள்பிடிக்கறவன் இங்கயே வந்து விலங்கு மாட்டிடுவான். எனக்கு பயமா இருக்கு.”

“எனக்கும் பயந்தாம்மா. ஆனா ஏலத்துல எங்கம்மாவ ‘நல்லா ஒழைப்பா’ன்னுதான் கூவினாங்க, பேரச் சொல்லல. நானும் பேரில்லாமலே வெளிய வரணுமா? அவ எந்தத் தோட்டத்துல கெடக்காளோ! படிக்கத் தெரியாது அவளுக்கு. யாராச்சும் வாசிக்கறப்போ அவ காதுல எம்பேரு விழட்டும்.”

டாமரிஸ் நெடிதுயிர்த்து உரிமையாளர்பால் திரும்பினாள்.

“கேட்டீங்கல்ல? அவ பேரு வராத இதழ்ல எம்பேரும் வராது. வேற ஆசிரியரத் தேடிக்கங்க.”

இதழின் உயிர்நாடி எவளென்று அறிந்த விட்லாக் முணுமுணுத்தவாறே இணங்கினார். கதை வெளிவந்தது. தென்னகத்து ஊர்களில் இதழ்க்கட்டுகள் நாற்சந்தியில் எரிந்தன. அவளைப் பிடித்துச்செல்லும் பற்றாணை ஏந்திய முரடர் இருவர் ஒரு நண்பகலில் கெசையாவின் குடியிருப்பைத் தேடி வந்தனர். விடுதலை பெற்ற கருநிற மாந்தர் வாழும் அத்தெருவில், படிக்கட்டு நிறைய துணி வெளுக்கும் பெண்டிர் ஆவி பறக்கும் கலங்களோடு அணிவகுத்து நின்றனர்.

“வாங்க ராசா, மேல வாங்க! கஞ்சி நல்லாக் கொதிக்குது. ஒங்க சட்டைக்குப் போடலாம், கழட்டவே வேணாம்!”

அண்ணாந்து நோக்கியவர் அடுத்த படியில் கால்வையாது, படையோடு மீள்வோமெனச் சூளுரைத்து அகன்றனர். அவர் மீளுமுன், அச்சட்டம் எட்டாத வடவெல்லைக்கு அப்பாலுள்ள ஹாலிஃபாக்ஸ் நகர்க்குக் கெசையா கப்பலேறினாள்.

அடுத்த வேனில் முடியுமுன் அங்கிருந்து அவளது இரண்டாம் கதை வந்தது. தலைப்பினும் பெரிதாய்த் தன் பெயரையும், அதன்கீழ் தான் வாழும் தெருவின் பெயரையும் அவள் எழுதியிருந்தாள். தாய் அப்பெயரைக் கேட்டனளோ, கேளாமலே மண்ணுள் மறைந்தனளோ, அறிந்தார் எவருமிலர். ஆயினும் விலைகூறப்பட்ட ஓரினத்தின் மகள், தன் பெயரைத் தானே எழுதி உலகின்முன் வைத்தாள். நாற்சந்திகளில் மூண்ட தீ தாளைத் தின்றது, அவளைத் தீண்டவில்லை.