சுவிட்சுக்கு மேல் ஓர் ஆணி

என் சகலையை எல்லோரும் 'பத்திரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். படி இறங்கினால் பத்திரம், தண்ணீர் குடித்தால் பத்திரம், யாராவது தும்மினால்கூடப் பத்திரம் என்கிற மனிதர். அந்தப் பட்டப்பெயரை வைத்தது நான்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெரிந்ததால் அவர் பதிலுக்கு எனக்கு ஒன்றும் வைக்கவில்லை.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு மரப்பட்டறை நடத்துகிறோம். அலமாரி, புத்தகத் தட்டு, கட்டில் எல்லாம் செய்வோம். பட்டறை நடுவில் மேசை ரம்பம் நிற்கிறது. இரும்பு மேசை, அதில் ஒரு பிளவு, பிளவுக்குள்ளிருந்து பாதி மட்டும் எட்டிப்பார்க்கும் வட்ட பிளேடு. பிளேடுக்குப் பின்னால், அதை ஒட்டியே, வளைந்த தகடு ஒன்று நிற்கும். நாங்கள் அதை வால் என்போம். அறுபட்ட பலகை சில சமயம் மறுபடி மூடிக்கொள்ளப் பார்க்கும். மூடினால் பிளேடின் பின்பக்கப் பற்களில் மாட்டும். மாட்டிய நொடியிலேயே பல் அந்தப் பலகையைத் தூக்கி, அறுக்கிறவன் மேலேயே எறிந்துவிடும். வால் அந்தப் பிளவுக்குள் நின்று மூடவிடாமல் பார்த்துக்கொள்ளும். வேறு வேலை அதற்குக் கிடையாது.

பலகையை முழுதாக அறுக்காமல் பள்ளம் மட்டும் போடுவதைக் காடி எடுப்பது என்போம். அதற்கு வால் குறுக்கே நிற்கும், கழற்றித்தான் ஆக வேண்டும். பிளேடு மாற்றும்போதும் கழற்றுவோம். கழற்றிவிட்டு மாட்ட மறந்தால் என்ன செய்வது என்று சகலை இரண்டு நாள் யோசித்தார். பிறகு சுவிட்சுக்கு மேல் ஓர் ஆணி அடித்தார். வாலைக் கழற்றினவன் அதை அந்த ஆணியில்தான் மாட்ட வேண்டும். அங்கே தொங்கினால் அது சுவிட்சை மறைக்கும். கையால் விலக்காமல் பொத்தானை அமுக்க முடியாது. சுவிட்ச் வெறுமனே தெரிந்தால் வால் இருக்கிற இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்பது வருஷமாக இதுதான் எங்கள் பட்டறைச் சட்டம். நான் கேலி செய்தாலும் கடைப்பிடித்தேன், அந்தச் சனிக்கிழமை வரைக்கும்.

அன்று மதியம் சகலை பிளேடு மாற்றி வைத்துவிட்டு, மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போகக் கிளம்பிவிட்டார். எனக்குப் பன்னிரண்டு பலகையில் காடி எடுக்க வேண்டியிருந்தது. வழக்கமாகக் கை மெஷினில் எடுப்போம். அதில் எடுத்தால் இருட்டிவிடும் என்று ரம்பத்திலேயே எடுத்தேன். வாலைக் கழற்றினேன், ஆணியில் மாட்டினேன். ஒவ்வொரு பலகைக்கும் அதை விலக்கி, பொத்தானை அமுக்கி, திரும்ப விடுவது மூன்றாவது பலகையிலேயே எரிச்சலாகிவிட்டது. எடுத்து, வேலைக்குக் கட்டும் முன்னங்கியின் பையில் செருகிக்கொண்டேன். பன்னிரண்டும் முடிந்தது. சனிக்கிழமைதோறும் முன்னங்கி துவைக்க வீட்டுக்குப் போகும். சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலையில் நான் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். சகலை பட்டறையைத் திறந்தார். சுவிட்ச் வெறுமனே இருந்தது. போட்டார்.

பாதிப் பலகை போவதற்குள் பிளேடு அதைக் கவ்வி எறிந்துவிட்டது. அவர் எப்போதும் பிளேடுக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாகத்தான் நிற்பார். அதனால் வயிற்றில் இறங்க வேண்டியது இடுப்பில் உரசிவிட்டுப் போய்ச் சுவரில் மோதியது. பலகையைக் கையால் தள்ளாமல் தள்ளுகட்டையால்தான் தள்ளுவார். அதனால் பிளேடு அந்தக் கட்டையின் நுனியை மட்டும் தின்றது. நான் கேலி செய்த பழக்கம் ஒவ்வொன்றும் அன்று ஆளுக்கொரு பக்கமாக நின்று அவரைக் காப்பாற்றியது. இடுப்பு கறுத்துப்போய் மூன்று நாள் படுத்திருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி அந்தத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க இது? துவைக்கும்போது பையில இருந்துச்சு."

சகலைக்கு ஏன் அடிபட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "பழைய தகடு. வை அங்க" என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் எனக்கே ஆச்சரியம்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வலியில் இருக்கிற மனிதரிடம் இப்போது எதற்கு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை அவர் நொண்டிக்கொண்டே பட்டறைக்கு வந்தார். வந்ததும் மரத்தூள் மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டித் துழாவ ஆரம்பித்தார்.

"என்ன சகல தேடறீங்க?"

"வால. நான்தான் பிளேடு மாத்தும்போது கழட்டியிருக்கேன். திரும்ப மாட்டல, ஆணியிலயும் போடல. தூளோட கூட்டித் தள்ளியிருப்பேன்."

"விடுங்க. புதுசு சொல்லியாச்சுல்ல, வந்துரும்."

"வரும். நீயே மாட்டிக்க. நான் இனிமே அந்த மெஷினத் தொட மாட்டேன் தம்பி."

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது குறுகுறுத்துக்கொண்டே சும்மா இருந்தது. ரம்பத்தைத் தார்ப்பாய் போட்டு மூடினோம். பலகைகளைக் கை மெஷினில் அறுத்தோம், எல்லாம் பாம்பு போனது மாதிரி வளைந்தது. வால் என் வீட்டில் இருந்தது. ஆனால் அதைக் கொண்டுவந்தால் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் கதிதான். எனக்கு என்மேல் வந்த கோபத்தை எல்லாம் சுத்தியல்மேலும் ஆணிமேலும் காட்டினேன்.

சகலை வேறு ஆளாகிக்கொண்டிருந்தார். அளவுநாடாவை ஒரே இடத்தில் ஐந்து தடவை வைத்துப் பார்த்தார். பட்டறையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். ஒரு நாள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார்.

"ஹார்டுவேர் கடையில ஸ்டோர் பாத்துக்க ஆள் கேட்டாங்க. ஒண்ணாம் தேதியிலிருந்து வரேன்னு சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"என்னையே எனக்கு நம்பிக்கை இல்ல தம்பி. இன்னைக்கு என் இடுப்பு. நாளைக்கு நான் மறந்தது உன் கையாப் போச்சுன்னா?"

என் மறதிக்கு அவர் தண்டனை அனுபவிக்கிறார், அதுவும் என் கைக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு.

அந்த வாரச் சனிக்கிழமையும் முன்னங்கி துவைக்கப் போயிருந்தது. திங்கட்கிழமை மனைவி தேய்த்து மடித்துக் கொடுத்தாள். பட்டறையில் பிரித்துக் கட்டினால் வயிற்றில் ஏதோ இடித்தது. பையில் வால். யாரும் பார்ப்பதற்குள் மதிய உணவுப் பைக்குள் தள்ளி, சாயங்காலம் கொண்டுபோய் அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். செவ்வாய்க்கிழமை மறுபடி முன்னங்கியில் இருந்தது. புதன்கிழமை பரண்மேல் ஒளித்தேன். வியாழக்கிழமை அது உணவுப் பைக்குள்ளேயே, டப்பாவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது.

அன்று வீட்டுக்குப் போய்க் குதித்தேன். "என்ன விளையாட்டு இது?"

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அக்கா சொன்னா, அவரு தூளுக்குள்ள ஒரு தகடு தேடினாராம். அரிவாள் மாதிரி வளைஞ்சிருக்குமாம்."

"அதுக்கு?"

"அவரு வேலைய விடறது பத்தி அக்காவுக்குக் கவலை இல்லீங்க. மனுஷன் தூங்கறதே இல்லையாம், அதான். நான் சொல்லியிருப்பேன். ஆனா அது நான் சொல்ல வேண்டியது இல்ல."

அவ்வளவுதான் பேசினாள். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நான் முதலில் போய்ப் பட்டறையைத் திறந்தேன். தார்ப்பாயை உருவினேன். வாலை ரம்ப மேசையின் நடுவில் வைத்தேன். சகலை உள்ளே வந்தார், பார்த்தார், கைப்பையை இறக்காமலே நின்றார்.

"எங்க இருந்துச்சு?"

"என் முன்னங்கியில. சனிக்கிழமை நீங்க போனதுக்கப்புறம் ரம்பத்துல காடி எடுத்தேன். ஆணியில மாட்டி மாட்டி எடுக்க எரிச்சலா இருந்துச்சு, பையில போட்டேன். அப்படியே வீட்டுக்குப் போயிட்டேன். நீங்க மறக்கல சகல. நீங்க பிளேடு மாத்திட்டு ஒழுங்கா மாட்டிட்டுத்தான் போனீங்க."

அவர் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான் மாட்டினேனா?"

"மாட்டினீங்க."

"போல்ட் இறுக்கியிருந்தேனா?"

"எனக்குக் கழட்டவே கஷ்டமா இருந்துச்சு."

இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். கையை எடுத்தபோது அவர் முகம் பத்து வயது குறைந்திருந்தது.

"பதினோரு நாளா ராத்திரி எழுந்து எழுந்து அடுப்ப அணைச்சிருக்கேனான்னு பாக்கறேன் தம்பி. பொண்ண ரோட்டுல கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகவே பயமா இருந்துச்சு."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் அதை நான் சொன்னது மிகக் குறைவு, சரியாக வெளியே வரவில்லை.

அவர் எழுந்து மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார். வாலை மாட்டினார். நேர்ச்சட்டத்தைப் பிளேடோடும் வாலோடும் சேர்த்து வைத்து, இரண்டும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு சுவரோரம் போய், சுத்தியலின் பின்பக்கத்தால் சுவிட்சுக்கு மேலிருந்த ஆணியை நெம்பிப் பிடுங்கினார்.

"ஏன் சகல? தப்பு என்னோடதுதானே?"

"உன் தப்பு உனக்கு. சுவிட்ச் சும்மா இருக்குன்னு குனிஞ்சு பாக்காம போட்டது யாரு? ஆணி பாத்துக்கும்னு நான் கண்ண மூடிட்டேன். இனிமே போடறவன் குனிஞ்சு, வாலத் தொட்டுப் பாத்துட்டுப் போடணும்."

எரிச்சல் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"அப்போ ஸ்டோர் வேலை?"

"போன் பண்ணிச் சொல்லணும்."

"என்மேல கோவம் இல்லையா சகல?"

"இருக்கு. முதல்ல இந்தப் பலகைய முடிக்கறேன். ரம்பத்துகிட்ட கோவத்தோட நிக்கக் கூடாது."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குனிந்து வாலைத் தொட்டார். ஒரு பக்கமாக நின்று சுவிட்சைப் போட்டார். பலகை நேராக, அவசரமில்லாமல் போனது. புதிதாகச் செதுக்கிய தள்ளுகட்டையால் கடைசி வரை தள்ளி, துண்டு பிளேடைத் தாண்டியதும் நிறுத்தினார். பிளேடு சுற்றிச் சுற்றி ஓய்ந்து, முழுதாக நிற்கும்வரை துண்டை எடுக்கக் கையை நீட்டாமல் காத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இப்போ சொல்லு. பதினோரு நாள் என்னடா பண்ணிட்டிருந்தே?"

பதினாறு வருஷத்தில் அவர் என்னை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறமும் கால் மணி நேரம் போட்டார். நான் வாயைத் திறக்காமல் நின்று வாங்கிக்கொண்டேன்.