மிஷினைக் கொடுத்து வாங்கிய கார்

பத்மினி அந்தக் காரை முதன்முதலாகப் பார்த்தபோது அதன் டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பக்கத்துச் சீட்டு கிழிந்து நார் வெளியே தொங்கியது. மேல்துணியைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. ஒரு காலத்தில் நல்ல கரும்பச்சையாக இருந்ததாம். இப்போது எது பெயிண்ட், எது கோழி எச்சம் என்று சுரண்டிப் பார்த்தால்தான் தெரியும். டயர் நான்கும் காற்றிறங்கித் தரையோடு ஒட்டிக் கிடந்தன. இந்தக் கோழிக்கூட்டுக்கு விலையாகத்தான் தன் தையல் மிஷினைக் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குப் புரியவில்லை.

அவள் புருஷன் தனபாலனுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. மூடியைத் திறந்து எஞ்சினுக்குள் தலையை விட்டவன் விட்டவன்தான்.

"அட, கார்புரேட்டர் அப்படியே இருக்கு பத்மினி! ஒரு ஆணிகூடக் கழட்டல!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ரொம்ப சந்தோஷம். அத ஆக்கித் திங்கலாமா?" என்றாள் அவள்.

இருவர் மட்டும் உட்காரக்கூடிய பந்தயக் கார் அது. தோட்டத்துத் துரை ஒருவர் சீமையிலிருந்து தருவித்தது. ஜப்பான்காரன் வருகிறான் என்று துரை சிங்கப்பூருக்கு ஓடியபோது, பல மாதச் சம்பளத்துக்கு ஈடாக இதைத் தன் கணக்கப்பிள்ளையான கிராணியின் தலையில் கட்டிவிட்டுப் போனார். கிராணியும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அவருடைய மனைவி பூங்காவனம், காஜா பேராங் கிராமத்தில் பரம்பரையாக வாழும் மலாக்கா செட்டி. சாரோங் கெபாயா கட்டி, மலாய் பேசி, மாரியம்மனைக் கும்பிடுகிறவள். காரின் மேல் அத்தாப்பு ஓலையைப் போட்டு மூடி, கோழிகளை உள்ளே விட்டு, ஜப்பான்காரன் கண்ணில் படாமல் காப்பாற்றி வைத்திருந்தாள். ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு அவளுக்கு வேண்டாம். அது அடுப்பெரிக்கத்தான் ஆகும் என்று மலாயில் சொல்லிவிட்டாள். தையல் மிஷின் இருந்தால் அவளும் மகளும் எதையாவது தைத்துக் கொடுத்துக் கஞ்சி குடிப்பார்கள்.

பத்மினியும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். டவுன் பட்டறையில் மெக்கானிக்காக இருந்த தனபாலன், ஜப்பான்காரன் பட்டறையைக் காலி செய்து லோரிகளை ஓட்டிக்கொண்டு போன நாளிலிருந்து வேலையில்லாமல் இருந்தான். அவள் பழைய திரைச்சீலையைச் சட்டையாகவும், மாவுச் சாக்கைக் கால்சட்டையாகவும் தைத்தாள். கூலியாக மரவள்ளிக் கிழங்கு வரும், எப்போதாவது ஒரு கொத்து அரிசி வரும். மிஷின் போனால் அதுவும் போகும்.

பிறகு எதற்காக இந்தக் காரைப் பார்க்க வந்தார்கள் என்றால், சயாமுக்குப் பயந்துதான்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். முதலில் தோட்டங்களில் பிடித்தார்கள், அங்கே ஆள் குறைந்ததும் டவுனுக்கு வந்தார்கள். போனவன் எவனும் திரும்பியதாகக் கதையில்லை. கையில் ஜப்பான் முத்திரை போட்ட துணிப்பட்டை கட்டியவனை மட்டும் தொடமாட்டார்கள். அந்தப் பட்டைக்கு வழி சொன்னவன் நல்லையா. பழைய பட்டறைக் கூட்டாளி, இப்போது ஜப்பான்காரனின் மோட்டார் கொட்டகையில் மொழிபெயர்ப்பவன். அங்குள்ள ஆபீசர் ஒருவருக்குச் சின்னக் கார் வேண்டுமாம். ஓடுகிற நிலையில் கொண்டுவருகிறவனையே டிரைவராக வைத்துக்கொண்டு பட்டையும் கொடுப்பாராம்.

கோழிக்கொட்டகையிலிருந்து திரும்பும் வழியில் பத்மினி கேட்டாள்.

"உண்மையச் சொல்லுங்க. இந்தக் காடி உங்களக் காப்பாத்தும்னு வாங்கச் சொல்றீங்களா, இல்ல ஆசையில சொல்றீங்களா?"

துரை அந்தக் காரைப் பட்டறைக்குக் கொண்டுவரும்போதெல்லாம் அதைக் கழுவியவன் தனபாலன். கழுவத்தான் விடுவார்கள். சீட்டில் உட்கார்ந்து பார்த்ததற்காக ஒருமுறை ஃபோர்மேனிடம் அறை வாங்கியிருக்கிறான். கல்யாணமான புதிதில் அந்தக் காரைப் பற்றி அவன் பேசிய பேச்சைக் கேட்டு, யாரோ ஒரு பெண்ணைச் சொல்கிறான் என்று பத்மினி நினைத்ததுண்டு.

"ரெண்டும்தான்னு வச்சிக்கியேன்" என்றான் கடைசியில்.

"வச்சிக்க முடியாதுங்க. மிஷின் என்னோடது. எங்கம்மா வளையல வித்து வாங்கிக் கொடுத்தது."

"அப்ப வேணாம்னு சொல்லு. விட்டுர்றேன்."

விட்டுவிடுகிற முகமா அது? ஆனாலும் அவன் வற்புறுத்தவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சண்டை போட்டால் எதிர்த்துச் சண்டை போடலாம். இப்படித் தன் தலையில் சுமையை இறக்கிவிட்டு ஓரமாக நின்றுகொள்கிறவனை என்ன செய்வது? சரி என்றால் பட்டினி. வேண்டாம் என்றால், நாளைக்கு அவனைப் பிடித்துக்கொண்டு போனால், வேண்டாம் என்ற அந்தச் சொல்லே காலமெல்லாம் அவளைத் தின்னும்.

முடிவை அவள் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சேதுராமனைப் பிடித்துக்கொண்டு போனதுதான் முடிவை எடுத்தது. சேதுராமன் முடிவெட்டும் கடையில் முகத்துக்குச் சோப்புப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னம்தான் சிரைத்திருந்தது. அந்தக் கோலத்திலேயே இழுத்து லோரியில் ஏற்றிவிட்டார்கள். கழுத்தில் கட்டியிருந்த துண்டை மட்டும் கடைக்காரர் கொண்டுவந்து வீட்டில் கொடுத்தார். அந்த மனைவி துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பாதி முகத்தோட எப்படிப் போவாரு, பாதி முகத்தோட எப்படிப் போவாரு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பத்மினி வீட்டுக்குள் வந்து மிஷினில் இருந்த நூலை அறுத்தாள். எண்ணெய் போட்டுத் துடைத்தாள். "தூக்குங்க" என்றாள் புருஷனிடம்.

மிஷின் போனது, கார் வந்தது. மாட்டுவண்டியில் வந்தது. கோழி மட்டும் கடைசி வரை இறங்க மறுத்துக் கொத்தியது. பூங்காவனத்தின் மகள் வந்து தூக்கிப் போனாள்.

அதன் பிறகு தனபாலன் வேறு ஆளாகிவிட்டான். வீட்டின் பின்புறம் தகரம் மறைத்து, காரை அக்கக்காகப் பிரித்துப் பாயில் பரப்பினான். ஆற்றோரம் எரிந்து கிடந்த லோரியிலிருந்து வயரும் குழாயும் கழற்றி வந்தான். டயருக்குள் கந்தலைத் திணித்து, கிழிசலில் ரப்பர் ஷீட்டை ஒட்டினான். ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெய்தான் பெட்ரோல். அதன் நாற்றம் சோற்றில்கூட அடித்தது, சோறு இருந்த நாட்களில். வால்வைத் தேய்த்துக்கொண்டே பாடினான். ஊரே அழுதுகொண்டிருக்கும்போது இவன் மட்டும் பாடுகிறானே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கிழங்கை அவன் முன்னால் டொக்கென்று வைத்தாள். அவன் கரிக்கையோடு எடுத்துத் தின்றான், என்ன தின்கிறோம் என்றுகூடப் பார்க்காமல்.

எஞ்சினைப் பூட்டி முடித்து, முன்பக்கத்தில் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினான். சுழற்றினான், சுழற்றினான், தோள் இறங்கும் வரை சுழற்றினான். அப்புறம் ஒரு நாள் அது இருமியது. வேறொரு நாள் கிளம்பி நின்றது. தனபாலன் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, அந்தச் சத்தத்தைக் கேட்பான். பிறகு எதையோ ஒரு மயிரளவு திருகுவான். கடைசியில் ஒரே சுற்றில் கிளம்புகிற மாதிரி ஆக்கிவிட்டான்.

அன்றைக்குத்தான் பத்மினிக்கு ஒரு யோசனை தோன்றியது.

"ஏங்க, ஏதாச்சும் ஒரு பழுத வச்சிடுங்களேன். ஒங்களுக்கு மட்டும் தெரிஞ்ச மாதிரி. நீங்க தொட்டாத்தான் கெளம்பணும். அப்பத்தான் அவனுக்கு எப்பவும் நீங்க வேணும்."

தனபாலன் அவளை ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"பழுது வச்சா அது என்ன ரிப்பேரு? சின்னப்பிள்ள திருப்பினாலும் கெளம்பணும். அப்பத்தான் தொழில்."

"தொழில் பெருசா, உசிரு பெருசா?"

"உசிருக்குத்தான பட்டை தர்றாங்க. சும்மா பயந்து சாகாத."

படித்துப் படித்துச் சொன்னாள். கேட்கவில்லை. ஆம்பிளைக்கு மூளை முட்டுக்குக் கீழே என்று முணுமுணுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நல்லையா வந்து பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலையில் கொட்டகைக்கு ஓட்டி வரச் சொன்னான். ஆபீசர் அன்றைக்குத்தான் இருப்பாராம். வெள்ளிக்கிழமை காலையிலேயே தனபாலனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இன்னிக்கே கொண்டுபோயி நல்லையாகிட்ட விட்டுட்டு அங்கேயே படுத்துக்கிறேன். வீட்டுல வச்சிருக்கிற ஒவ்வொரு நாளும் ஆபத்து."

"பூச போடாத காடிய எவனாச்சும் சடக்குல ஏத்துவானா?" என்றாள் பத்மினி. "ஆடி வெள்ளி வேற. கோயிலு இங்க இருக்கு. ஒரு கற்பூரம், நாலு எலுமிச்சம்பழம். அம்மனுக்குக் காட்டாம அவன்கிட்ட கொண்டுபோயி விடுவீங்களா? மிஷின் போச்சு, இதாவது நல்லபடியா நிக்கணும்ல?"

இது ஒன்றில் அவன் அவள் சொல்லைத் தட்டவில்லை. அவன் அம்மா சைக்கிளுக்கே பூசணிக்காய் உடைத்தவள். பூசை போடாத வண்டி முதல் திருப்பத்திலேயே ரத்தம் கேட்கும் என்று கேட்டு வளர்ந்தவன்.

பூங்காவனம் தன் மரத்திலிருந்து எலுமிச்சம்பழம் பறித்துக் கொடுத்தாள். காரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "என் கோழிக்குக்கூட அடையாளம் தெரியாது" என்று மலாயில் சொல்லிச் சிரித்தாள்.

பத்மினி தனபாலன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிழிந்த சீட்டை அவள் கையாலேயே தைத்திருந்தாள். கார் தார்ச் சடக்கில் ஏறியதும் காற்று முகத்தில் அடித்து, கொண்டை அவிழ்ந்தது. பயமாக இருந்தது. சிறிது தூரம் போனதும் பயம் போய்விட்டது. வீடுகளின் வாசலில் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். தனபாலன் அவளைத் திரும்பிப் பார்த்து, "எப்படி?" என்றான். நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மிஷினைக் கொடுத்த கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கோவில் வாசலில் ஆடி வெள்ளிக் கூட்டம். கூழ் ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நாலா பக்கத்திலிருந்தும் வயிறு காய்ந்த சனம் வந்திருந்தது. பண்டாரம் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, காரின் நெற்றியில் திருநீறு பூசிக் குங்குமம் வைத்தார். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழத்தை வைத்தார். பத்மினி கண்ணை மூடிக்கொண்டாள். தாயே, இந்தக் காடி நிக்காம ஓடணும், ஒரு குறையும் வரக்கூடாது என்று வேண்டினாள். கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது தெருவின் இரண்டு முனையிலும் லோரி நின்றது.

கூட்டம் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தனக்குள்ளேயே முட்டிக்கொண்டது. துப்பாக்கியின் பின்கட்டையால் ஆம்பிளைகளை மட்டும் பிரித்துத் தள்ளினார்கள். தனபாலன் ஓடவில்லை. காரை ஒட்டி நிமிர்ந்து நின்றான். வாள் கட்டிய ஒருவன் வந்து காரைச் சுற்றிப் பார்த்தான், விளக்கைத் தட்டினான், யாருடையது என்பதுபோலக் கையைக் காட்டினான்.

"சாயா! நான்தான்! டிரைவர்! மோட்டார் கொட்டகை, நல்லையா, நாளைக்கு!" என்று தனபாலன் தெரிந்த வார்த்தையையெல்லாம் கொட்டி, நெஞ்சைத் தட்டிக் காட்டினான்.

வாள்காரன் தலையை ஆட்டினான். நல்லது என்பதுபோலத்தான் ஆட்டினான். பத்மினிக்கு உயிர் வந்தது. அடுத்த கணம் ஒரு சிப்பாய் தனபாலனின் கழுத்தைப் பிடித்து லோரிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"நல்லையாவக் கேளுங்க! பட்டை குடுக்கிறேன்னு சொன்னாங்க! நாளைக்கு! நாளைக்குத்தான்யா!" பத்மினி கத்தினாள். தமிழில் கத்தினாள், மலாயில் கத்தினாள். நாளைக்கு என்பதை எந்தப் பாஷையில் சொன்னாலும் அங்கே கேட்பாரில்லை. ஒருவன் அவளைப் பிடித்துத் தள்ளினான். விழுந்தாள், எழுந்தாள், அதற்குள் தனபாலனை லோரியில் ஏற்றிப் பலகையைப் பூட்டிவிட்டார்கள்.

வாள்காரன் காரில் ஏறி உட்கார்ந்தான். இன்னொருவன் முன்னால் குனிந்து கைப்பிடியைப் பிடித்தான்.

கிளம்பக்கூடாது தாயே. பத்மினி இரண்டு கையையும் கோவிலைப் பார்த்துக் கூப்பினாள். சற்று முன்பு வேண்டியதைத் திருப்பி எடுத்துக்கொள்ளம்மா. கிளம்பாமல் போனால் அவரைத்தான் கூப்பிடுவான். இருமட்டும், அணையட்டும், எரிந்து வேண்டுமானாலும் போகட்டும், கிளம்ப மட்டும் கூடாது.

சிப்பாய் ஒரே ஒரு சுற்றுச் சுற்றினான். எஞ்சின் கிளம்பியது. ஒரு இருமல் இல்லை, ஒரு உதறல் இல்லை. நான்கு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிக்கொண்டு, குங்குமப் பொட்டோடு, கார் அவள் முன்னால் வழுக்கிக்கொண்டு போனது.

பத்மினி லோரியைப் பார்த்தாள். நெரிசலுக்கு நடுவே தனபாலனின் தலை தெரிந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, போகிற எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தில், எல்லாம் சரியாக இருக்கிறது என்ற அந்தப் பழைய திருப்தி. சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் கண்ணைத் திறந்து அவளைத் தேடினான். அதற்குள் லோரி திரும்பிவிட்டது.