கோடுகள் கிளம்பிய இடம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டுகளைக்கூட எடுக்காமல், பிசியோதெரபிஸ்ட் தன் மடிக்கணினியை மனைவியின் பக்கம் தள்ளினார். இரண்டு குழுவின் சராசரியும் சொல்லி வைத்தாற்போல் பதினேழு விநாடி.

மருத்துவமனையின் இரண்டாம் மாடிக் கூடத்தில், பக்கவாதத்திலிருந்து தேறியவர்களுக்கு அவர் நடை பழக்குகிறார். இருபத்து நான்கு பேரைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்திருந்தார். பாதிப் பேர் தனித்தனியாக நடந்தார்கள். மீதிப் பேர் ஜோடி ஜோடியாக, பந்தை எறிந்து பிடித்துக்கொண்டே நடந்தார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று தொடக்கத்திலும் ஒவ்வொரு மாத முடிவிலும் அளந்தார். ஜோடிப் பயிற்சிக்கு முழுக் கூடமும் வேண்டும். கண்காணிப்பாளர் அம்மாவுக்கோ அதில் கோப்பு அலமாரிகளை நிறுத்த வேண்டும். நாளை பதினொரு மணிக்குப் பலனைக் காட்டாவிட்டால் கூடம் போய்விடும்.

அவருடைய மனைவி கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறாள். வீட்டில் அவளுக்கு டீச்சர் என்றுதான் பெயர். பாடம் எடுக்க ஆள் கிடைத்துவிட்டால் அவளுக்குப் பசி தெரியாது.

நாலு தடவை அளந்த எண்களையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கிவிட்டுச் சராசரியில் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டபடியே, பழைய மின்கட்டண உறையின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தாள். ஜோடிக் குழு: இருபத்திரண்டு, பதினெட்டு, பதினைந்து, பதின்மூன்று. தனிக் குழு: பதினெட்டு, பதினேழு, பதினேழு, பதினாறு. ஒரு கோடு சரிவில் உருண்டு வந்தது. இன்னொன்று படுத்தே கிடந்தது. எந்தக் குழு வேகம் என்பதல்ல கேள்வி; காலம் போகப் போக இரண்டு குழுவும் ஒரே மாதிரி மாறுகின்றனவா என்பதுதான். இணையாகப் போனால் பயிற்சிகளுக்குள் வித்தியாசமில்லை. கோணிக்கொண்டு போனால் அதற்கு இடைவினை என்று பெயர். ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அளந்ததில் ஒரு சௌகரியம் உண்டு என்றாள். இயல்பிலேயே மெதுவாக நடப்பவரை அவரோடேயே ஒப்பிட்டுக்கொள்ளலாம், அடுத்தவர் வேகம் குறுக்கே வராது.

கணக்கைப் போட்டாள். கோடுகள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கோணின. அவர் எழுந்து, அவள் தட்டையும் சேர்த்துக் கழுவப் போனார். குழாயடியில் சீட்டிகூட அடித்தார்.

"ஏங்க, சீட்டுக் குலுக்கித்தானே பிரிச்சீங்க?"

"ஆமா."

"அப்புறம் ஏன் இவங்க மட்டும் நாலு விநாடி பின்னாடி கிளம்புறாங்க?"

சீட்டி நின்றது. தனிக் குழுவை அவர் முதலில் அளந்தது புதன்கிழமை. ஜோடிக் குழுவை அதற்கு முந்தைய நாள். அந்தச் செவ்வாய்க்கிழமை லிஃப்டைப் பழுது பார்த்தார்கள். பன்னிரண்டு பேரும் கைப்பிடியைப் பிடித்து இரண்டு மாடி ஏறி வந்தார்கள். நடக்க வைக்கக் கூப்பிட்டு மூச்சை நிறுத்திவிடுவீர்கள் போலிருக்கிறதே என்று அவர்களில் ஒருத்தியான தையல்காரி தையலம்மா கேலி செய்ததும், அவர் சிரித்தபடியே ஸ்டாப்வாட்சை அழுத்தியதும் இப்போது நினைவுக்கு வந்தன. ஐந்து நிமிடம் உட்கார வைத்திருக்கலாம். தோன்றவில்லை.

ஈரக் கையோடு வந்து சொன்னார். அவள் திட்டவில்லை. கோளாறான முதல் அளவை இரு குழுவிலும் எடுத்துவிட்டு, மிச்சம் மூன்றை வைத்து மறுபடி போட்டாள். கோடுகள் இப்போதும் கோணின, ஆனால் கொஞ்சமாக. இரண்டு பயிற்சியும் ஒன்றுதான் என்றாலும் தற்செயலாகவே இவ்வளவு கோணல் வர நூற்றுக்கு ஏழு வாய்ப்பு. ஐந்துக்குக் கீழே இருந்தால்தான் ஊர் நம்பும்.

"முதல் கணக்கையே காட்டிட்டா?" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"காட்டலாம். லிஃப்ட் கணக்கைக் கெடுத்தது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்." உறையை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். "ஆனா நீங்க பொய் சொன்னா காது சிவக்கும். அந்தம்மா கண்ணாடி போட்டிருக்காங்க."

திங்கட்கிழமை அவர் இரண்டு கணக்கையும் காட்டினார், லிஃப்டையும் சொன்னார். கண்காணிப்பாளர் அம்மா வெகுநேரம் படத்தையே பார்த்தார். பேப்பரைத் திருப்பித் தந்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "அலமாரி வர ஆறு வாரம் ஆகும். அதுக்குள்ள இன்னொரு தடவை அளந்து எடுத்துட்டு வாங்க. அப்புறமும் எனக்கு இடம் வேணும்னு தோணுச்சுன்னா, மன்னிச்சுக்கங்க."

மறுநாள் அவர் கூடத்துச் சுவரில் பெரிய காகிதம் ஒன்றை ஒட்டினார். டீச்சர் யோசனைப்படி அதில் சராசரி இல்லை. ஆளுக்கொரு கோடாக, பெயர் போடாத இருபத்து நான்கு கோடுகள். எல்லாரும் கூட்டமாக வந்து நின்றார்கள்.

"இதுல நான் எது தம்பி?" என்றாள் தையலம்மா.

அவர் பென்சிலால் தொட்டுக் காட்டினார். அவள் இத்தனை வருஷம் துணி மேல் நூல் பிடித்துப் பார்த்த விரலைக் கோட்டின் தொடக்கத்தில் வைத்தாள். செங்குத்தான முதல் இறக்கத்தில் மெதுவாக இறங்கி, ஒவ்வொரு புள்ளியிலும் நின்று, கடைசிப் புள்ளிக்கு வந்தாள். கோடு அங்கே முடிந்திருந்தது. விரல் மட்டும் நிற்காமல், அளக்காத மாதத்தின் வெற்றுக் கட்டங்களுக்குள் நகர்ந்தது.